வசூல் கணக்கில் காணாமல்போன பார்வையாளர்

பெரிய நடிகர் ஒருவரின் படம் வெளியான மறுநாள் காலையிலேயே, முதல் நாள் வசூல் இத்தனை கோடி என்ற அறிவிப்பு சுவரொட்டியிலும் கைப்பேசித் திரையிலும் வந்துவிடுகிறது. தயாரிப்பு நிறுவனம் ஒரு தொகையைச் சொல்கிறது. வணிகக் கணிப்பாளர்கள் வேறொரு தொகையைச் சொல்கிறார்கள். மற்றொரு நடிகரின் ரசிகர்கள் இரண்டையும் மறுக்கிறார்கள். சில நாள்களுக்கு இந்தச் சச்சரவே செய்தியாகிறது. அந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், அவர்கள் எந்த வயதினர், எந்த ஊரினர், பார்க்க விரும்பியும் வர இயலாதவர்கள் யார் என்ற கேள்விகள் மட்டும் எழுவதில்லை. எழுந்தாலும், விடை சொல்வதற்குப் பொதுவெளியில் நம்பத்தக்க புள்ளிவிவரம் கிடையாது.

வருவாய் என்பது விலையையும் விற்பனை அளவையும் பெருக்கி வருவது. பொருளியல் வகுப்பின் முதல் வாரத்திலேயே நான் கற்பித்துவந்த பாடம் இது. வருவாய் உயர்ந்ததை மட்டும் வைத்து, வாங்குவோர் பெருகிவிட்டனர் என்று முடிவு கட்ட முடியாது. விலை ஏறி, வாங்குவோர் குறைந்தாலும் வருவாய் உயரக்கூடும். நெல், பால், பருத்தி என எந்தப் பொருளைப் பற்றிப் பேசினாலும் விலையையும் அளவையும் பிரித்தே பார்க்கிறோம். திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் மொத்தத் தொகையோடு நின்றுவிடுகிறோம்.

இந்தியத் திரையரங்குகள் குறித்து ஓரளவு தொடர்ச்சியாக மதிப்பீடுகளை வெளியிட்டுவரும் தனியார் ஆய்வு நிறுவனம் ஆர்மாக்ஸ் மீடியா. அதன் கணக்குப்படி, 2019-இல் இந்தியத் திரையரங்குகளின் மொத்த வசூல் ரூ.10,948 கோடி, விற்பனையான டிக்கெட்டுகள் 103 கோடி. 2024-இல் வசூல் ரூ.11,833 கோடி, டிக்கெட்டுகள் 88.3 கோடி. அதாவது, ஐந்து ஆண்டுகளில் வசூல் 8% உயர்ந்திருக்கிறது. டிக்கெட் விற்பனை 14% குறைந்திருக்கிறது. சராசரி டிக்கெட் விலை 106 ரூபாயிலிருந்து 134 ரூபாயாகியிருக்கிறது. வசூலை மட்டும் பார்ப்பவருக்கு, கரோனா கால இழப்பிலிருந்து திரைத் துறை மீண்டுவிட்டது என்று தோன்றும். டிக்கெட் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 15 கோடி திரையரங்கு வருகைகள் நின்றுபோயிருப்பது தெரியும்.

விலையேற்றமே இதற்குக் காரணம் என்று உடனே சொல்லிவிடவும் முடியாது. அந்த ஐந்து ஆண்டுகளில் பொதுவான விலைவாசியும் ஏறத்தாழ அதே அளவுக்கு உயர்ந்திருக்கிறது. மேலும், சராசரி என்பது பலவற்றை மறைக்கக்கூடியது. குறைந்த கட்டணத்தில் இயங்கிய ஒற்றைத் திரை அரங்குகள் மூடப்பட்டால், எஞ்சிய அரங்குகளில் ஒன்றுகூட ஒரு ரூபாயும் உயர்த்தாமலேயே சராசரி விலை உயர்ந்துவிடும். அப்படியானால், வராமல்போனவர்கள் கட்டணத்துக்கு அஞ்சியவர்களா, தங்கள் ஊரில் இருந்த அரங்கை இழந்தவர்களா, ஓடிடி தளங்களிலேயே நிறைவு கண்டவர்களா, திரையில் பெருகிவரும் வன்முறையால் குழந்தைகளுடன் வரத் தயங்கியவர்களா? நான்கு காரணங்களுக்கும் தீர்வுகள் வேறு வேறு. எது எவ்வளவு என்று தெரியாமல் எடுக்கும் நடவடிக்கை, நாடி பார்க்காமல் கொடுக்கும் மருந்தாகத்தான் இருக்கும்.

அதே நிறுவனத்தின் இன்னொரு மதிப்பீடு மேலும் சிந்திக்கத் தூண்டுவது. 2023-இல் ஒரு படத்தையாவது திரையரங்கில் பார்த்த இந்தியர்கள் 15.7 கோடிப் பேர். மக்கள்தொகையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. மற்ற எட்டுப் பங்கினர் அந்த ஆண்டு முழுவதும் திரையரங்கின் பக்கம் செல்லவே இல்லை. வெகுமக்கள் கலை என்று நாம் பெருமையோடு சொல்லிவரும் ஒன்றின் இன்றைய நிலை இது.

பார்வையாளரை ஆராய்வது புதிய துறையன்று. திரைப்படத்தின் தொடக்க காலத்திலேயே அது பிறந்துவிட்டது. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் திரையரங்குகளுக்குச் செல்வோரிடம் வினாப்பட்டியல்களைக் கொடுத்து, ஏறத்தாழ 2,400 பேரின் விடைகளைத் திரட்டி ஆராய்ந்தார் எமிலி ஆல்டன்லோ என்ற இளம் ஆய்வாளர். பொருளியலாளர் ஆல்ஃபிரட் வெபரின் வழிகாட்டுதலில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு அது. 1914-இல் நூலாக வந்தது. தொழில், வயது, பாலினம், வர்க்கம் ஆகியவற்றின் அடிப்படையில் யார் எதற்காகப் படம் பார்க்க வருகிறார்கள் என்று அவர் கேட்டார். படம் பேசவே தொடங்காத காலத்தில், படத்தை விட்டுவிட்டுப் பார்ப்பவரை நோக்கித் திரும்பிய ஆய்வு அது.

அதன் பிறகு இந்தத் துறை இரண்டு வழிகளில் பிரிந்தது. கல்வியுலகம் ஐயத்தோடு அணுகியது. அமெரிக்காவில் 1929 முதல் 1932 வரை நடந்து, 1933 முதல் நூல்களாக வெளிவந்த பெய்ன் நிதிய ஆய்வுகளின் மையக் கேள்வி, திரைப்படம் சிறுவர்களையும் இளைஞர்களையும் என்ன செய்கிறது என்பது. திரைத் துறையோ லாபக் கணக்கோடு அணுகியது. தேர்தல் கருத்துக் கணிப்பால் புகழ்பெற்ற ஜார்ஜ் கேலப், 1940-இல் திரைப் பார்வையாளர் ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆர்கேஓ போன்ற ஹாலிவுட் நிறுவனங்களுக்காக, படப்பிடிப்பு தொடங்கும் முன்பே கதைச் சுருக்கத்தையும் தலைப்பையும் நடிகர் பெயர்களையும் மக்களிடம் சொல்லி, எதைப் பார்க்க விரும்புவீர்கள் என்று அது கேட்டது. முதலாவது வழி பார்வையாளரை நோயாளியாகக் கண்டது. இரண்டாவது வழி வாடிக்கையாளராகக் கண்டது. முதலாவதன் முடிவுகள் நூல்களாயின. இரண்டாவதன் முடிவுகள் நிறுவனங்களின் அலமாரிக்குள் அடங்கின.

இத்தனை ஆய்வுக்குப் பிறகும் எந்தப் படம் வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிந்ததா? ஆர்தர் டி வேனி, டேவிட் வால்ஸ் என்ற பொருளியலாளர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களின் வசூலை ஆராய்ந்து 1999-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மிகச் சில படங்களே லாபத்தின் பெரும்பகுதியை அள்ளிச் செல்கின்றன. நட்சத்திர நடிகரோ பெரும் முதலீடோ வெற்றிக்கு உத்தரவாதம் தருவதில்லை. படம் வெளியான பின் பார்த்தவர் பார்க்காதவரிடம் சொல்லும் சொல்லே போக்கைத் தீர்மானிக்கிறது என்பவை அதன் சாரம். வெற்றியை முன்னறிய உதவுவது பார்வையாளர் ஆய்வின் தலையாய பயன் அன்று என்று இதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன். யார் உள்ளே இருக்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்று சமூகத்துக்குச் சொல்வதே அதன் தலையாய பயன்.

இந்தியாவில் இந்த முயற்சியின் தொடக்கத்திலேயே சென்னைக்குத் தொடர்பு உண்டு. 1927-இல் ஆங்கிலேய அரசு அமைத்த இந்திய ஒளிப்படக் குழுவின் தலைவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி.ரங்காச்சாரியார். குழு 4,325 வினாப்பட்டியல்களை அனுப்பி, 1,491 பதில்களைப் பெற்று, 353 பேரிடம் நேரில் வாக்குமூலம் வாங்கியது. மேலைநாட்டுப் படங்களைப் பார்த்து இந்தியர்களிடம் வெள்ளையர் மீதான மதிப்பு குறைகிறதா என்ற கவலையும் அரசுக்கு இருந்தது. குழுவின் சாட்சியத் தொகுதிகள் இன்றும் வரலாற்று ஆய்வாளர்களுக்குப் பெரும் புதையல். ஆனால், சாட்சியம் அளித்தவர்களில் பெரும்பாலோர் அதிகாரிகள், கல்வியாளர்கள், தொழிலதிபர்கள், படித்த பிரமுகர்கள். கடைசி வகுப்பு டிக்கெட் வாங்கித் தரையில் அமர்ந்து படம் பார்த்தவரைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். அவரைப் பேசவைத்தவர்கள் அரிது.

அந்தக் குறையைப் பிற்காலத்தில் சிலர் போக்க முயன்றனர். அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் தமிழ்நாட்டில் களஆய்வு செய்து, திரைப்படத்துக்கும் மக்களின் அரசியல் உணர்வுக்கும் உள்ள தொடர்பை 1970-களில் எழுதினார். மானுடவியலாளர் சாரா டிக்கி 1980-களில் மதுரையில் தங்கி, நகர்ப்புற ஏழைகளிடமும் ரசிகர் மன்றத்தினரிடமும் பழகி ஆராய்ந்தார். அந்த நூல் 1993-இல் வந்தது. பொருளியல் பின்புலம் கொண்ட எம்.எஸ்.எஸ்.பாண்டியன், எம்ஜிஆரின் திரைப் பிம்பம் எளிய மக்களிடம் எவ்வாறு அரசியல் ஆதரவாக மாறியது என்று ஆராய்ந்து 1992-இல் நூல் எழுதினார். திரைப்படத்தால் ஆட்சியே அமைந்த மாநிலத்தில், பார்வையாளரைப் பற்றிய முதன்மையான ஆய்வுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதே நிலைமை.

இலங்கைத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981-இல் வெளியான தம் ஆங்கில நூலில் சொன்ன ஒரு கருத்து என்னைப் பொறுத்தவரை மிகவும் அடிப்படையானது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலை கண்ட முதல் இடம் திரையரங்கு. அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பார்வையாளரின் சமூகப் படிநிலை அன்று, டிக்கெட் வாங்கும் சக்தி என்பது அவர் கருத்து. கோயிலுக்குள் நுழைய முடியாதவரும், சபாவுக்கு அழைக்கப்படாதவரும் சில அணா கொடுத்துத் திரையரங்குக்குள் நுழைய முடிந்தது. தரை, பெஞ்ச், நாற்காலி என்ற வேறுபாடு இருந்தது உண்மை. ஆனால், கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது.

அந்தக் கூரையின் அடித்தளமே வாங்கும் சக்தி என்றால், வாங்கும் சக்தியின் குறைந்தபட்ச அளவு உயரும்போது கூரைக்கு வெளியே தள்ளப்படுபவர் யார் என்பது சமூகநீதிக் கேள்வியாகிறது. மதுரையில் 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகளுடன் 1952-இல் ‘பராசக்தி’யோடு தொடங்கிய தங்கம் திரையரங்கு இன்று இல்லை. சென்னை அண்ணா சாலையில் சபையர், ஆனந்த், சாந்தி, அலங்கார் ஆகியவை இல்லை. அசோக் நகரின் அடையாளமாக இருந்த உதயமும் இடிக்கப்பட்டுவிட்டது. பெரிய அரங்கில் முன்வரிசைகளை மலிவாக விற்று இருக்கைகளை நிரப்ப முடியும். முந்நூறு இருக்கைகூட இல்லாத வணிக வளாக அரங்கில் அதற்கான இடமும் குறைவு, தேவையும் குறைவு. மூடப்பட்ட அரங்கின் முன்வரிசைப் பார்வையாளர் இன்று எங்கே படம் பார்க்கிறார் என்று எந்தப் பல்கலைக்கழகமும் அவரைத் தேடிச் சென்று கேட்கவில்லை. திரைப்படம் குறித்த ஆய்வேடுகள் பெருகியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை திரையில் ஓடும் படத்தை விளக்குகின்றனவே தவிர, எதிரே அமர்ந்திருப்பவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இது வெறும் கல்வியுலகக் குறை அன்று. அரசின் முடிவுகள் இருட்டில் எடுக்கப்படுகின்றன. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது நூறு ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 18%, அதற்கு மேல் 28% என வரி விதிக்கப்பட்டது. 2019 தொடக்கத்தில் அவை 12%, 18% எனக் குறைந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 5% மட்டுமே. எளியவருக்குச் சலுகை என்ற நோக்கம் பாராட்டத்தக்கது. ஆனால், நூறு ரூபாய்க்கு உள்பட்ட இருக்கைகள் மாவட்டவாரியாக எத்தனை எஞ்சியிருக்கின்றன, வரி குறைந்த பின் அங்கே கூட்டம் கூடியதா என்பதை அளவிடும் பொதுத் தரவு இல்லாதபோது, சலுகை யாரைச் சென்றடைந்தது என்று எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டில் டிக்கெட் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு விதிக்கிறது. உயர்த்தக் கோரும் திரையரங்க உரிமையாளரும், உயர்த்தக் கூடாது என்னும் பார்வையாளரும் அனுமானங்களை வைத்தே வாதிடுகின்றனர்.

நீதிமன்றத்திலும் இதே நிலைதான். புதிய படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர் சங்கம் ஒன்று 2024 இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டிக்காட்டி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது சரியே. விமர்சனம் படத்தைக் கொல்கிறதா, அல்லது ஏற்கெனவே பார்த்தவர்களின் அதிருப்தியைத்தான் விமர்சனம் எதிரொலிக்கிறதா என்பது தரவுகளால் ஆராயக்கூடிய கேள்வி. அமெரிக்கத் திரையரங்குகளின் வாராந்திர விற்பனையைக் கொண்டு, பொருளியலாளர் என்ரிகோ மொரெட்டி இதையொத்த கேள்வியை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார். முதல் வாரத்தில் எதிர்பார்ப்பை மிஞ்சிய படங்களுக்கும் எதிர்பார்ப்பை எட்டாத படங்களுக்கும் இடையிலான தொலைவு அடுத்தடுத்த வாரங்களில் எவ்வாறு விரிகிறது என்று அவரால் காட்ட முடிந்தது. வாராந்திரக் கணக்கு அங்கே கிடைத்ததால் அது இயன்றது.

கணக்கு இல்லாத இடத்தைப் பொய்க்கணக்கு நிரப்பிக்கொள்கிறது. ஓர் அளவீடே இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவீடாக இருக்கும் தகுதியை இழந்துவிடும் என்பது, பிரிட்டன் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதி. முதல் நாள் வசூலுக்கு நேர்ந்திருப்பது இதுதான். படத்தின் தரத்துக்குச் சான்றாகத் தோன்றிய எண், விளம்பரத்தின் பகுதியாகிவிட்டது. படக்குழுவினரே டிக்கெட்டுகளை மொத்தமாக வாங்கி அரங்கு நிறைந்ததுபோல் காட்டுவதாகத் திரைத் துறைக்குள்ளேயே குற்றச்சாட்டுகள் எழுகின்றன. அந்த எண்ணுக்காக இளைஞர்கள் சமூக ஊடகத்தில் இரவு பகலாகச் சண்டையிடுகிறார்கள். தங்களுக்கு உரிமையில்லாத லாபத்துக்காக, சரிபார்க்க இயலாத ஓர் எண்ணை வைத்துக்கொண்டு அவர்கள் போரிடுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

மாற்று வழிகள் நம் கண் முன்னே இருக்கின்றன. தென் கொரியாவில் திரையரங்குகளின் டிக்கெட் விற்பனை அரசு சார்ந்த திரைப்பட மன்றத்தின் கணினி வலையமைப்பில் பதிவாகிறது. எந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்தனர் என்பதை அன்றாடம் எவரும் காணலாம். அங்கே பெருவெற்றியின் அளவுகோல் பணம் அன்று. ஒரு கோடிப் பேர் பார்த்த படம் என்பதே பெருமை. 2023-இல் அங்கும் சிலர் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டியதாகக் காவல் துறை விசாரித்தது. கணக்கு பொதுவில் இருந்ததால்தான் அந்த ஏமாற்று வெளிப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். பிரான்ஸில் ஒவ்வொரு டிக்கெட்டின் மீதும் 10.72% வரி பெறப்பட்டு, திரைப்படத் துறைக்கே ஆதரவு நிதியாகத் திரும்புகிறது. அந்த வரிக்காக டிக்கெட்டுகள் துல்லியமாக எண்ணப்படுகின்றன. அங்கும் ஒரு படத்தின் வெற்றியைப் பார்வையாளர் எண்ணிக்கையில்தான் சொல்கிறார்கள்.

நம்மால் இயலாத காரியமன்று இது. 2018-இல் தமிழ்த் திரையுலகம் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது, டிக்கெட் விற்பனையை முழுமையாகக் கணினிமயமாக்குவதும் தயாரிப்பாளர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஜிஎஸ்டியும் உள்ளாட்சி கேளிக்கை வரியும் செலுத்தப்படுகின்றன. ஆகவே, கணக்கு எங்கோ இருக்கிறது. அது பொதுச் சொத்தாகவில்லை என்பதே குறை.

மூன்று நடவடிக்கைகளை நான் முன்வைக்கிறேன். முதலாவது, படவாரியாகவும் மாவட்டவாரியாகவும் கட்டண வகுப்புவாரியாகவும் விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கையை மாநில அரசு வாரந்தோறும் வெளியிட வேண்டும். தொகையைச் சொல்லாவிட்டாலும் பாதகமில்லை. தலைகளை எண்ணினால் போதும். இரண்டாவது, தேசிய மாதிரி ஆய்வின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு, குடும்பத்தின் செலவைக் கேட்கிறது. குடும்பத்தில் யார் சென்றார் என்று கேட்பதில்லை. கணவன் மாதம் மூன்று படம் பார்த்து மனைவி ஆண்டுக்கு ஒன்றுகூடப் பார்க்காத வீடும், இருவரும் சேர்ந்து சென்ற வீடும் அதில் ஒன்றாகவே தெரியும். ஆகவே, வயது, பாலினம், வருமானம், அரங்குக்கான தொலைவு ஆகியவற்றைக் கேட்கும் தனிக் கணக்கெடுப்பை மாநிலத் திட்டக் குழு போன்ற அமைப்பு மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும். மூன்றாவது, நம் பல்கலைக்கழகங்களின் பொருளியல், சமூகவியல், இதழியல் துறைகள் தங்கள் மாவட்டத்தின் திரையரங்குகளையே ஆய்வுக் களமாகக் கொள்ள வேண்டும். ஒரு முதுநிலை வகுப்பின் முப்பது மாணவர்கள் ஒரு பருவத்தில் செய்துவிடக்கூடிய பணி இது.

வணிக ரகசியம் வெளியாகிவிடும் என்று சிலர் அஞ்சக்கூடும். வெற்றியைக் கோடிகளில் விளம்பரம் செய்பவர்கள், எண்ணிக்கையை ரகசியம் என்று கூற முடியாது. பார்வையாளரின் அந்தரங்கம் பாதிக்கப்படுமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால், டிக்கெட்டை எண்ணுவதற்குப் பெயர் தேவையில்லை. இன்று முன்பதிவுச் செயலிக்கு நம் கைப்பேசி எண்ணும், நாம் அமரும் வரிசையும், இடைவேளையில் வாங்கும் சோளப்பொரியும் தெரியும். எந்தக் காட்சியில் படத்தை நிறுத்தினோம் என்பது ஓடிடி தளத்துக்குத் தெரியும். தங்கள் படைப்பை எத்தனை பேர் பார்த்தனர் என்று தெரிய வேண்டும் என்பது ஹாலிவுட் எழுத்தாளர்களின் 2023 வேலைநிறுத்தத்தில் ஒரு கோரிக்கையாகவே இருந்தது. பார்வையாளரைப் பற்றிய அறிவு ஏற்கெனவே திரட்டப்பட்டுவருகிறது. அது சில நிறுவனங்களிடம் மட்டும் இருப்பதா, சமூகத்துக்கும் தெரிவதா என்பதே நம் முன் உள்ள தேர்வு.

ஒரு கலையை வாழவைப்பது அதற்காக மெனக்கெட்டு வீட்டைவிட்டுக் கிளம்பி வரும் மனிதர்கள். அவர்களில் யார் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளும் அக்கறை திரைத் துறைக்கும் அரசுக்கும் கல்வியுலகுக்கும் வேண்டும். அடுத்த பெரிய படத்தின் வசூல் அறிவிப்பு வரும்போது, இந்த ஒரு கேள்வியை வாசகர்கள் கேட்கத் தொடங்கினாலே போதும்: எத்தனை கோடி என்பது இருக்கட்டும், எத்தனை பேர்?